பழசு பரவுச்சா, புதுசா வந்துச்சா?

கேள்வி: டாக்டர், நாங்க ஏற்காட்டுல காபி எஸ்டேட் பக்கம் இருக்கோம். அப்பாவுக்கு 66 வயசு. 5 வருஷம் முன்னாடி இடது நுரையீரல்ல கேன்சர்னு மேல் பாகத்த எடுத்தாங்க, நல்லாத்தான் இருந்தாரு. இப்ப செக்கப் சிடி ஸ்கேன்ல வலது பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் கட்டி, பயாப்ஸியும் கேன்சர்தான். பழசு பரவல, இது புதுசுங்கிறாங்க. மூச்சு டெஸ்ட் சரியில்ல, ஆபரேஷன் வேணாம், எஸ்பிஆர்டின்னு கரண்ட் (கதிர்வீச்சு) வெச்சுக்கலாமாம். கரண்ட்டே கேன்சர் கொண்டுவரும்னு சொந்தக்காரங்க பயமுறுத்துறாங்க. இன்னும் எத்தன வருஷம் ஸ்கேன் எடுக்கணும்?
- வாசகி, ஏற்காடு

பதில்: புதுசுன்னு சொன்னாங்களே, ரெண்டுல அதுதாம்மா தேவல. பழசு அடுத்த நுரையீரலுக்குப் போயிருந்தா நாலாவது ஸ்டேஜ் கணக்கு, இது மத்த எங்கயும் பரவலைன்னா முதல் ஸ்டேஜ், குணமாக்கணும்னே வைத்தியம் பண்ணலாம். நுரையீரல் கேன்சர் ஆபரேஷன் ஆனவங்கள்ல வருஷத்துக்கு 100ல 1, 2 பேருக்கு இப்படிப் புதுசா வரும், 5 வருஷம் தாண்டிட்டோம்னு அது நிக்காது.

எஸ்பிஆர்டிங்கிறது பழைய மாதிரி ஒன்றரை மாசம் தினம் மலை இறங்கி ஏறுற கரண்ட் இல்ல. பெரும்பாலும் 3லருந்து 5 சிட்டிங், மூச்சு விடும்போது கட்டி எவ்ளோ நகருதுன்னு ஸ்கேன்ல பாத்துட்டு அந்த இடத்துக்கு மட்டும் டோஸ கூட்டிக் குடுப்பாங்க. இந்த சைஸ் கட்டி 10ல 9 பேருக்கு அதே இடத்துல திரும்ப வளராது. சொந்தக்காரங்க சொல்றது முழுப் பொய்யும் இல்ல, சின்ன வயசுல ஹாட்ஜ்கின்ங்கிற நிணநீர் கேன்சருக்கு நெஞ்சு முழுக்க கரண்ட் வெச்சவங்களுக்குப் பல வருஷம் கழிச்சு நுரையீரல் கேன்சர் வந்திருக்கு, புகையும் பிடிச்சா இன்னும் மோசம். ஆனா 66 வயசுல, கையில இருக்கிற கட்டிய விட்டுட்டு எப்பவோ வரலாம்ங்கிறதுக்குப் பயப்படுறது சரியில்ல. (பீடி பத்தி நீங்க எழுதவே இல்ல, இன்னும் இருந்தா மொதல்ல அத நிறுத்தச் சொல்லுங்க.)

ஸ்கேன் மொத ரெண்டு, மூணு வருஷம் 6 மாசத்துக்கு ஒருதடவ, அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணு லோ டோஸ் சிடி, உடம்பு வைத்தியம் தாங்குற வரைக்கும். அதுல கதிர் சுமார் 1.5 மில்லிசீவர்ட்தான், இயற்கையா நமக்கு ஒரு வருஷத்துல படுறத விடக் கம்மி. கரண்ட் வெச்ச இடம் ஸ்கேன்ல வெள்ளையாத் தழும்பாத் தெரியும், பெட் ஸ்கேன்லயும் மாசக்கணக்குல மின்னும், பழசப் பாக்காம ரிப்போர்ட் எழுதினா கட்டி வளருதுன்னு வந்துரும். அதனால பழைய சிடி ஸ்கேன் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க, ஃபிலிம் மட்டும் போதாது, உங்க ஊர் மழைல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், டிஸ்க்கும் கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க.

கரண்ட் முடிஞ்சு 1 மாசத்துலருந்து 6 மாசத்துக்குள்ள வறட்டு இருமல், மூச்சு வாங்குதுன்னா ஏற்காட்டுப் பனின்னு கஷாயம் வெச்சுக் குடுத்துட்டு இருக்காதீங்க. அது கரண்ட்டால நுரையீரல்ல வர்ற அழற்சியா இருக்கலாம், வைத்தியம் பண்ண டாக்டருக்கே போன் போடுங்க, ஸ்டீராய்டு மாத்திரைல பெரும்பாலும் அடங்கிடும்.