மூன்று கடனையும் ஒன்றாக்கலாமா?

அன்புள்ள ஐயா,

கிரெடிட் கார்டில் ஒரு லட்சம் நிலுவை. மாதம் 3 சதவீத வட்டி. வங்கியில் வாங்கிய தனிநபர் கடன் ஒன்று 16 சதவீதத்தில் ஓடுகிறது, இன்னும் 7 தவணை பாக்கி. மச்சானிடம் வட்டியில்லாமல் வாங்கிய கைமாற்றும் இருக்கிறது. அவர் கேட்கவில்லை, ஆனால் எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. இப்போது ஒரு நிதி நிறுவனம், மூன்றையும் அடைக்க ஒரே கடன் தருகிறோம், 10 சதவீத பிளாட் வட்டி, ஐந்து வருடம் என்கிறது. மாதம் கட்டுவது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். வாங்கிவிடலாமா? என் பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

கார்டு நிலுவையை மட்டும் மாற்றுங்கள். மற்ற இரண்டையும் இதில் சேர்க்காதீர்கள். ஐந்து வருடமும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த 10 சதவீதம். பிளாட் வட்டி என்றால், நீங்கள் அசலை மாதாமாதம் அடைத்துக்கொண்டே வந்தாலும், முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசிவரை வட்டி போடுவார்கள். ஒரு லட்சத்துக்கு வருடம் 10 ஆயிரம், ஐந்து வருடத்துக்கு 50 ஆயிரம். மாதத் தவணை 2,500. உங்கள் வங்கிக் கடன்போல, குறைந்துவரும் அசலுக்கு மட்டும் வட்டி கணக்கிட்டால் இது 17 சதவீதத்துக்கு மேல் வருகிறது. ஆக, 16-லிருந்து 10-க்கு இறங்குவதாக நீங்கள் நினைத்தது உண்மையில் 16-லிருந்து 17-க்கு ஏறுவது! கடன் விற்க வருகிறவர் இதைத் தானாகச் சொல்லமாட்டார். 'குறையும் அசலுக்கு எத்தனை சதவீதம்?' என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வங்கிக் கடனில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தவணைக் கடனில் வட்டியின் பெரும்பங்கை ஆரம்ப மாதங்களிலேயே கட்டிவிடுகிறோம், கடைசியில் போவது அநேகமாக அசல்தான். உங்கள் 7 தவணைகளில் இனி வட்டியாகப் போகவேண்டியது, எல்லாம் சேர்த்தாலும் அரைத் தவணைக்கும் குறைவு. அதே பாக்கியைப் புதுக் கடனுக்கு மாற்றினால் ஐந்து வருடத்தில் மூன்று தவணைக்கு மேல் வட்டியாகவே அழுவீர்கள். போதாக்குறைக்கு, முன்கூட்டியே அடைப்பதற்கு வங்கி தனியாகக் கட்டணம் கேட்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ஏழு மாதத்தை ஓட்டிவிடுங்கள்.

கார்டு கதை வேறு. மாதம் 3 சதவீதம் என்றால் வருடத்துக்கு 36. கட்டாத வட்டி அசலோடு சேர்ந்தால் 42-ஐத் தாண்டும். மாதம் 5,000 கட்டுகிறீர்கள், புதிதாக ஒன்றும் வாங்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். முதல் மாதம் 3,000 வட்டிக்கே போய்விடும். ஒரு லட்சம் அடைய 31 மாதம் ஆகும், கட்டியது ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருக்கும். அதே 5,000-ஐ இந்த நிறுவனத்தின் பிளாட் வட்டியில் கட்டினால் 24 மாதத்தில் முடிகிறது, மொத்தம் 1,20,000. அதாவது, சுமாரான கடன்கூட கார்டைவிட எவ்வளவோ மேல். இதைவிட நல்ல வட்டியில் கிடைக்குமா என்று இன்னும் இரண்டு இடத்தில் விசாரியுங்கள், உங்கள் வங்கியையும் சேர்த்து.

அப்புறம், கையில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். பிராசசிங் கட்டணம், காப்பீடு என்று பிடித்துக்கொண்டு 95 ஆயிரம் கொடுத்துவிட்டு, ஒரு லட்சத்துக்கு வட்டி போடுவது சகஜம். வட்டியைக் குறைக்கிறோம், வீட்டுப் பத்திரம் கொடுங்கள் என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கார்டுக் கடன் எதையும் அடமானம் வைக்காமல் வாங்கியது. அதை அடைக்கப் போய் வீட்டைப் பணயம் வைக்கவேண்டாம்.

மச்சான் விஷயத்தில் உங்கள் சங்கடம் புரிகிறது. ஆனால் வட்டியில்லாத கடனை வட்டிக்கு வாங்கி அடைத்தால், உங்கள் கூச்சத்துக்கு நீங்கள் மாதாமாதம் வட்டி கட்டுகிறீர்கள் என்று அர்த்தம். நேரில் போய்ப் பேசுங்கள். 'வங்கிக் கடன் ஏழு மாதத்தில் முடிகிறது மச்சான், எட்டாவது மாதத்திலிருந்து அந்தத் தவணைப் பணம் உங்களுக்கு' என்று சொல்லுங்கள். மனிதர்களுக்குப் பணம் தாமதமாவதைவிட, பேச்சே இல்லாமல் இருப்பதுதான் உறுத்தும். அவருக்கு நிஜமாகவே அவசரம் என்றால் என் யோசனையை மாற்றிக்கொள்ளலாம். அதையும் கேட்டால்தானே தெரியும்?

கடைசியாக, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று. அந்த ஒரு லட்சம் எப்படி ஏறியது? ஆஸ்பத்திரிச் செலவு மாதிரி ஒரே அடியாக வந்ததென்றால் கவலையில்லை. மாதச் சம்பளம் பற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது என்றால், புதுக் கடன் அடைத்த கார்டு ஒரு வருடத்தில் திரும்ப நிரம்பும். அப்போது இரண்டையும் கட்டவேண்டிவரும். அப்படியென்றால் பணம் போய்ச் சேர்ந்த அன்றே கார்டின் வரம்பைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது கணக்கையே மூடுங்கள். பாக்கி பூஜ்யம் என்று எழுத்தில் வாங்க மறக்காதீர்கள். சில நாள் வட்டி விடுபட்டு நின்று, அடுத்த பில்லில் எட்டிப் பார்க்கும்.