மூத்த பூனை சீறுகிறது, என்ன செய்ய? கால்நடை மருத்துவர் பதில்கள்

எங்கள் வீட்டில் ஐந்து வயதுப் பெட்டைப் பூனை இருக்கிறது. மழையில் நனைந்து கிடந்த ஒன்றரை மாதக் குட்டியை நேற்றுத் தூக்கி வந்து கூடத்தில் விட்டோம். பெரியவள் சீறிக்கொண்டு பீரோ மேல் ஏறியவள்தான், சாப்பிடவும் இறங்கவில்லை. தப்பு செய்துவிட்டோமா, டாக்டர்? (மதுரை)

தூக்கி வந்தது தப்பே இல்லை. கூடத்தில் இறக்கியதுதான் அவசரம். பூனை தன் வீட்டை வாசனையால் அறிகிறது. கதவு நிலை, கட்டில் கால், உங்கள் கணுக்கால் என்று எல்லாவற்றிலும் கன்னத்தை உரசித் தன் மணத்தைப் பூசி வைத்திருக்கிறது. அதன் நடுவே முன்பின் தெரியாத வாசனை ஒன்று நடந்து வந்தால் சீறாமல் என்ன செய்யும்?

இன்றே குட்டியைத் தனி அறைக்கு மாற்றுங்கள். அறை இல்லையென்றால் ஈரமில்லாத குளியலறை போதும். ஆனால் வாளியில் தண்ணீர் வைக்காதீர்கள், குட்டி ஏறி உள்ளே விழுந்துவிடும். இந்த வயதில் உடம்புச் சூடு சட்டென்று இறங்கும், அட்டைப்பெட்டியில் பழைய போர்வை போட்டுக் கொடுங்கள்.

தெருக்குட்டி என்பதால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த பதிலில் சொல்லும் இரண்டு வாரத் தனிமை முடிந்ததும், ஒரு பழைய பனியன் துணியால் குட்டியின் கன்னத்தையும் முதுகையும் துடைத்து, பெரியவள் புழங்கும் இடத்தில் போடுங்கள். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். அவள் வந்து முகர்வாள். சில சமயம் வாயைப் பாதி திறந்தபடி அப்படியே நிற்பாள். மேலண்ணத்தில் இருக்கும் ஓர் உறுப்பால் அந்த மணத்தை ஆராய்கிறாள் என்று அர்த்தம். சீறிவிட்டுப் போனால் போகட்டும், துணி அங்கேயே கிடக்கட்டும். அவளைத் துடைத்த துணியைக் குட்டியிடம் போடுங்கள்.

துணியைக் கண்டும் காணாமல் அவள் தாண்டிப் போகும் நாளில், மூடிய கதவின் இரண்டு பக்கமும் சாப்பாடு வையுங்கள். ஆறடி தள்ளி ஆரம்பித்து, தினம் ஒரு சாண் நெருக்கலாம். கதவின் அடிச் சந்தில் குட்டியின் கை நீளும், பெரியவள் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்போதும் நிதானமாகச் சாப்பிட்டால்தான் வலைக் கதவு வழியாக நேருக்கு நேர் காட்ட வேண்டும். சில வீடுகளில் ஒரு வாரத்தில் முடிந்துவிடும், சில வீடுகளில் இரண்டு மாதம் ஆகும். வேகத்தை முடிவு செய்ய வேண்டியவள் பெரியவள்தான்.

ஒரு நாளுக்கு மேல் அவள் பட்டினி கிடந்தால் காத்திருக்காதீர்கள். சாப்பிடாத பூனைக்கு, அதுவும் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

குட்டி ஓடியாடி நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு எதற்கு இரண்டு வாரம் பூட்டி வைக்க வேண்டும்? (திருச்சி)

நான் தொழிலுக்கு வந்த புதிதில் இதே மாதிரி துறுதுறுவென்று ஒரு குட்டி வந்தது. பார்த்துவிட்டு, "வீட்டில் விடலாம்" என்று சொல்லி அனுப்பினேன். நான்காம் நாள் வாந்தி, பேதி. பேன்லூக்கோபீனியா என்ற, பூனைகளைக் கொல்லும் வைரஸ் நோய். வீட்டுப் பூனைக்குத் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. இரண்டையும் காப்பாற்ற முடியவில்லை. அந்த அம்மா காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அந்தக் கிருமி உடம்பில் புகுந்து நோயாக வெளிப்பட 2 முதல் 10 நாள் வரை ஆகலாம். அதுவரை குட்டி விளையாடிக்கொண்டுதான் இருக்கும். கிருமி வீட்டுக்குள் வந்துவிட்டால் ஒரு வருடம்வரைகூட உயிரோடு கிடக்கும். சானிடைசருக்குச் சாகாது, தண்ணீர் கலந்த ப்ளீச்சிங் திரவத்துக்குச் சாகும். துடைத்த இடம் நன்றாகக் காய்ந்த பிறகு பூனையை விடுங்கள். பினாயில் மட்டும் வேண்டவே வேண்டாம், பூனைக்கு அது விஷம்.

குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தடுப்பூசி தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை போட வேண்டும். பெரிய பூனைக்கும் தவணை தப்பியிருந்தால் இப்போதே போடுங்கள். படர்தாமரை, காதுப்பூச்சி, தெள்ளுப்பூச்சி ஆகியவையும் இந்த இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். தெள்ளுக்கு நாய் மருந்தை எடுத்துத் தடவாதீர்கள். பெர்மெத்ரின் கலந்தது என்றால் வலிப்பு வந்து பூனை செத்துப்போகும்.

சீறுவதற்கும் உண்மையான சண்டைக்கும் எப்படி வித்தியாசம் தெரியும்? (கோவை)

சீறல் "கிட்டே வராதே" என்ற எச்சரிக்கை. நகம் நீட்டாமல் தலையில் ஒரு தட்டு தட்டினால் அது பாடம், குட்டி கற்றுக்கொள்ளும். சீறியதற்காகப் பெரியதைத் திட்டாதீர்கள். கண் கொட்டாமல் முறைப்பது, காது தலையோடு ஒட்டிப்போவது, அடித்தொண்டையில் உறுமிக்கொண்டே நெருங்குவது, மலஜலம் கழிக்கும் மணல் தட்டுக்குப் போகும் வழியை மறித்து உட்காருவது ஆகியவை கவலைப்பட வேண்டியவை. உடனே நடுவில் ஒரு தலையணையையோ அட்டையையோ நுழைத்துவிடுங்கள். கையை விடாதீர்கள்.

சண்டையை விலக்கியபோது குட்டி என் கையில் கடித்துவிட்டது. சின்னக் காயம்தான். மஞ்சள் வைத்தால் போதுமா? (தஞ்சாவூர்)

போதாது. சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, இன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பூனையாலும் ரேபிஸ் வரும். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் அந்தத் தடுப்பூசியையும் போட்டுவிடுங்கள்.

எங்களுடையது கடுவன். குட்டியைக் கொன்றுவிடுமா? (சென்னை)

கருத்தடை செய்யாத கடுவனை நம்பி விட முடியாது. முதலில் அறுவை சிகிச்சை, பிறகு சில வாரம் கழித்து அறிமுகம். இன்னொன்று: மன உளைச்சலில் கடுவன்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கி, சொட்டுகூட வரவில்லையென்றால் அந்த மணிநேரமே மருத்துவரிடம் ஓடுங்கள்.

இரண்டுக்கும் ஒரு மணல் தட்டு போதாதா? (சேலம்)

இரண்டு பூனைக்கு மூன்று தட்டு, வேறு வேறு இடத்தில். சின்னக் குட்டிக்குக் கட்டியாகும் மணல் வேண்டாம், தின்றுவிடும்.

மூன்று மாதம் ஆகிவிட்டது. சண்டை இல்லை, ஆனால் இரண்டும் சேர்ந்து படுப்பதே இல்லை. நாங்கள் இன்னும் என்ன செய்ய வேண்டும்? (நாகர்கோவில்)

ஒன்றும் செய்ய வேண்டாம். என் வீட்டில் ஆறு வருடமாக ஒன்று ஜன்னலின் இந்த முனை, இன்னொன்று அந்த முனை. சாயங்கால வெயில் நகர நகர இரண்டும் சேர்ந்தே நகரும், நடுவில் ஒரு முழ இடைவெளி அப்படியே இருக்கும். சாப்பாட்டுக் கிண்ணங்களை மட்டும் இப்போதுபோலவே தள்ளித் தள்ளி வையுங்கள்.