புதுச்சேரியில் சின்சில்லா வளர்க்கலாமா, கினி பிக் வளர்க்கலாமா?

கேள்வி: புதுச்சேரியில் சொந்த வீடு, மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது. பத்து வயது மகள் சின்சில்லாதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். கினி பிக் மாதிரிதானே, வாங்கிவிடலாமா?

பதில்: இரண்டும் கொறிக்கும் பிராணிகள்தான், ஆனால் சின்சில்லா வேண்டாம். கினி பிக் இரண்டாக வாங்குங்கள். மாடி அறை என்று படித்ததும் எனக்குப் பகீர் என்றது, அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆறு வருடமாக கினி பிக் வளர்க்கிறேன். சின்சில்லாவோடு பழகியது புதுச்சேரி லாஸ்பேட்டையில், அத்தை மகன் வீட்டில். சாம்பல் நிறம், பெயர் மேகம். 2022 மே மாதம் அவர்கள் வெளியூர் போனபோது பத்து நாள் அங்கேயே தங்கி நான்தான் பார்த்துக்கொண்டேன். பகல் முழுக்கத் தூங்கும். இருட்டிய பிறகுதான் அதற்குப் பொழுது விடியும். தரையிலிருந்து பலகைக்கு, பலகையிலிருந்து சுவருக்கு என்று என் நெஞ்சு உயரத்துக்குத் தாவும். அந்த ரோமத்தைத் தொட்டால் தொட்டது போலவே இருக்காது, அவ்வளவு மென்மை. உங்கள் மகள் ஆசைப்படுவதில் தப்பே இல்லை.

ஆனால் அந்த ரோமம்தான் இங்கே அதற்கு எமன். நம் தலையில் ஒரு வேர்க்காலில் ஒன்றிரண்டு முடி வரும். சின்சில்லாவுக்கு ஒரே வேர்க்காலில் 50, 60 முடி. சிலி நாட்டு மலைச் சரிவில், வறண்ட குளிர் காற்றில், பாறை இடுக்கில் வாழ்ந்த பிராணி அது. வியர்க்காது. அறை 25 டிகிரியைத் தாண்டினாலே தவிக்கும். 30ஐ நெருங்கினால் உயிருக்கு ஆபத்து. கத்திரி வெயிலில் நம் ஊரில் பல இரவுகள் 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதே இல்லை. 1923இல் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் 11 சின்சில்லாக்களைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். மலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிப் பழக்கி, கப்பலில் பனிக்கட்டி வைத்துக் குளிர்ச்சியாக்கித்தான் அவற்றைக் கொண்டுசேர்க்க முடிந்தது. இன்று வீடுகளில் வளர்பவற்றில் பெரும்பாலானவை அவற்றின் வம்சம்.

அத்தை மகனும் ஏசி போட்டுத்தான் வளர்த்தான். நான் தங்கியிருந்த ஓர் இரவு, ஒரு மணி வாக்கில் கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டரில் விளக்கும் மின்விசிறியும்தான் ஓடும், ஏசி ஓடாது. விசிறி இருக்கிறதே, போதும் என்று நினைத்தேன். விசிறிக் காற்று நம் வியர்வையைக் காய வைப்பதால்தான் நமக்குக் குளிர்கிறது. வியர்வையே இல்லாத உடம்புக்கு அது வெறும் சூடான காற்று. அரை மணி நேரத்தில் மேகத்தின் காதுகள் சிவந்துவிட்டன. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு தரையோடு தரையாகக் கிடந்தது. உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, அடியில் கிரானைட் துண்டு போட்டு, விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். பிழைத்துக்கொண்டது.

அடுத்த கோடையில் அதேபோல் கரண்ட் போன ஒரு பகல். வீட்டில் யாருமில்லை. வந்து பார்த்தபோது உயிர் போயிருந்தது. அதற்கு மூன்று வயது. 10 முதல் 20 வருடம் வரை வாழக்கூடிய பிராணி. அந்தக் கூண்டை இன்னும் அவனால் யாருக்கும் கொடுக்க முடியவில்லை.

ஜெனரேட்டர் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றலாம். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்த பிறகு நாள்கணக்கில் இருட்டில் இருந்தவர்கள் நாம். வருடம் முழுக்க, இருபது வருடத்துக்கு, ஒரு மணி நேரமும் தவறாமல் குளிரூட்ட முடியுமா என்பதுதான் கேள்வி.

குளியல் விஷயமும் உண்டு. சின்சில்லாவை நனைக்கவே கூடாது. ரோமம் அடர்த்தியாக இருப்பதால் சீக்கிரம் காயாது, பூஞ்சை பிடிக்கும். எரிமலைப் பாறையின் நுண்ணிய தூளில் புரண்டுதான் குளிக்கும். கடலூர் சில்வர் பீச் கடற்கரை மணல் போதாதா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். போதாது, கடல் மணல் பருமன், ரோமத்தை அறுக்கும். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் அந்தத் தூளே சில நாளில் கட்டி தட்டிவிடும்.

அப்புறம், குழந்தைக்கு ஏற்றதா? மடியில் உட்காராது. இறுக்கிப் பிடித்தால் கையில் கொத்தாக ரோமத்தை விட்டுவிட்டு ஓடும். அது விளையாட வரும் நேரத்தில் உங்கள் மகள் தூங்கப் போயிருப்பாள்.

கினி பிக்கும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான், சின்சில்லாவுக்குத் தூரத்துப் பங்காளி. ஆனால் ஆண்டிஸ் மலை மக்கள் அதைப் பல ஆயிரம் வருடமாக, நாம் கோழி வளர்ப்பது போல, வீட்டிலேயே வளர்த்தார்கள். மனிதர் காலடியில் வளர்ந்து பழகியது. பகலில் விழித்திருக்கும். கீரைப் பை சரசரத்தாலே வீடே அதிரக் கூவும். சந்தோஷம் வந்தால் நின்ற இடத்திலேயே துள்ளும். தாவத் தெரியாது, அதனால் உயரமான கூண்டு தேவையில்லை; ஓடி ஆடத் தரைதான் அகலமாக வேண்டும். 5 முதல் 8 வருடம் வாழும்.

சாப்பாட்டில் ஒன்று முக்கியம். நம்மைப் போலவே அதன் உடம்பாலும் வைட்டமின் சி தயாரிக்க முடியாது, தினமும் உணவில் கொடுத்தாக வேண்டும். நான் உழவர் சந்தையில் கொத்தமல்லியும் குடைமிளகாயும் வாங்கிவிடுவேன். வயிறு நிரம்புவதோ புல்லில். மருந்தடிக்காத அருகம்புல்லைக் கழுவி, எந்நேரமும் கிடைக்கும்படி வைக்கிறேன். பற்கள் வளர்ந்துகொண்டே இருப்பதால் மென்றுகொண்டே இருக்க வேண்டும். வைக்கோல் போதாது, சத்து குறைவு. பலாச்சுளை கொடுக்காதீர்கள். பண்ருட்டிப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனால் அவ்வளவு சர்க்கரை அதன் வயிற்றுக்கு ஆகாது.

ஒன்றை மட்டும் வளர்க்காதீர்கள், ஏங்கிப்போகும். இரண்டும் பெண்ணாக இருக்கட்டும். கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்யுங்கள். எனக்கு "இரண்டும் பெண்" என்று கொடுத்த ஜோடி, மூன்றே மாதத்தில் ஐந்தாகிவிட்டது. உங்களுக்குக் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தால்கூடக் காத்திருக்காமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நமக்குக் கொடுக்கும் அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், குடலிலுள்ள நல்ல கிருமிகளை அழித்து அது கினி பிக்கையே கொன்றுவிடும்.

இதுவும் வெயில் தாங்கும் பிராணி என்று நினைக்க வேண்டாம். 28 டிகிரிக்கு மேல் சோர்ந்துபோகும். மார்ச் பிறந்ததும் நான் கூண்டைக் கூடத்தின் நிழலான மூலைக்கு மாற்றி, படுக்க ஒரு மண் ஓடும், துண்டில் சுற்றிய குளிர்ந்த பாட்டிலும் வைத்துவிடுவேன். ஓட்டின் மேல் கால் நீட்டிப் படுத்துக் கோடையைக் கடத்திவிடுகின்றன. உங்கள் மாடி அறை இவற்றுக்கும் ஆகாது. கீழே, ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் வையுங்கள். ஒரு மாதம் போனால், உங்கள் மகள் பள்ளி விட்டு வந்து பையைக் கீழே வைக்கும் சத்தத்துக்கே கூவத் தொடங்கிவிடும்.