மணி அடித்தால் ஏன் துள்ளுகிறார்கள்?

வாசகர் கேள்வி பதில்: சிங்கப்பூரின் பூங்கா இணைப்புப் பாதையில் சைக்கிளும் நடையும்

பொங்கோல் நீர்வழி ஓரமாக மாலையில் சைக்கிள் ஓட்டுகிறேன். மணி அடித்தால் ஒதுங்குவார்கள் என்று பார்த்தால், துள்ளி என் முன்னாலேயே வந்து நிற்கிறார்கள். அடிக்காமல் போனால் திட்டுகிறார்கள். என்னதான் செய்வது?
– பொங்கோல் வாசகர்

மிகவும் கிட்டே போய் அடிக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. சாதாரணமாக நடப்பவர் மணிக்கு 5 கிலோமீட்டர் போவார். நீங்கள் 25-இல் வந்தால் இருவருக்கும் உள்ள இடைவெளி நொடிக்கு ஐந்தரை மீட்டர் குறைகிறது. ஐந்து மீட்டரில் மணி அடித்தால் அவருக்குக் கிடைப்பது ஒரு நொடிகூட இல்லை. சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்ப்பதற்குள் நீங்கள் அவர் மேல் இருப்பீர்கள். அதோடு, திரும்பிப் பார்ப்பவருடைய கால் பெரும்பாலும் தோள் போன பக்கமே போகும். வலது தோள் வழியாகத் திரும்பினால் வலப்பக்கம், அதாவது நீங்கள் முந்த நினைத்த அதே பக்கம்.

முதலில் வேகத்தைக் குறையுங்கள், பிறகு மணி. 15-க்கு இறங்கிவிட்டால் இடைவெளி நொடிக்கு 2.8 மீட்டர்தான் குறையும். சுமார் 20 மீட்டரில், அதாவது கார் நிறுத்துமிடத்தில் எட்டுக் கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் அகலத்தில், ஒரே ஒரு முறை லேசாக அடியுங்கள். ஏழு நொடி கிடைக்கும். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒதுங்க அது தாராளம். அசைவே இல்லையென்றால் 10 மீட்டரில் இன்னொரு முறை. அப்போதும் திரும்பவில்லையா? காதில் ஏதோ மாட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொண்டு நடை வேகத்துக்கு இறங்கி, "எக்ஸ்கியூஸ் மீ, வலது பக்கமா வர்றேன்" என்று வாயால் சொல்லுங்கள். விடாமல் அடிக்கும் மணி கார் ஹாரன் மாதிரிதான், கோபத்தைத்தான் கிளப்பும்.

முந்தும்போது நடப்பவருக்கும் உங்கள் கைப்பிடிக்கும் நடுவே ஒரு மீட்டர் இருக்கட்டும். 2 மீட்டர் அகலப் பாதையில் இருவர் சேர்ந்து நடந்தால் அவர்களுக்கே 1.2 மீட்டர் போய்விடும். மீதி 80 சென்டிமீட்டர். இன்றைய மவுண்டன் பைக்கின் கைப்பிடியே பெரும்பாலும் 75-க்குக் குறையாது. அங்கே முந்த இடமில்லை, பின்னால் காத்திருக்கத்தான் வேண்டும்.

ஒன்றை மட்டும் எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள். பாதையின் ஒரு ஓரத்தில் அம்மாவும் எதிர் ஓரத்தில் பிள்ளையும் இருந்தால் நடுவே புகக்கூடாது. மணிச் சத்தம் கேட்டதும் பிள்ளை அம்மாவை நோக்கித்தான் ஓடும். அங்கே காலை ஊன்றி நின்றுவிடுவதே சரி.

எங்கள் புளோக் முன்னால் சிவப்புப் பாதை ஒன்று, அதையொட்டிச் சாம்பல் நிற நடைபாதை ஒன்று. சைக்கிள் இரண்டிலும் வருகிறது. நாங்கள் வயதானவர்கள், எதில் நடப்பது?
– தெம்பனிஸ் வாசகி

சாம்பல் நிறப் பாதை உங்களுடையதுதான் அம்மா. 2025 ஜூலை 1 முதல், சைக்கிள் பாதையை ஒட்டி இருக்கும் நடைபாதை நடப்பவர்களுக்கு மட்டுமே. அதில் சைக்கிள் ஓட்டினால் 2,000 வெள்ளி வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பக்கத்தில் சிவப்புப் பாதையே இல்லாத இடங்களில் சைக்கிள் நடைபாதையில் வரலாம், ஆனால் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. 10 என்பது மெதுவோட்டம் ஓடுபவரின் வேகம், 100 மீட்டருக்கு 36 நொடி. உங்களை ஒருவர் விசுக்கென்று கடந்தால் அது 10 அல்ல. சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் உச்சவரம்பு 25.

சிவப்புப் பாதையில் நடக்காமல் இருப்பது உங்களுக்கு நல்லது. பேருந்து நிறுத்தத்துக்குப் போக அதைக் குறுக்கே கடக்க நேர்ந்தால், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நேராக, ஒரே வேகத்தில் கடந்துவிடுங்கள். பாதி வழியில் நின்று பின்வாங்கினால்தான் ஓட்டி வருபவர் தடுமாறுவார். எந்தப் பக்கம் விலகுவதென்று அவர் தீர்மானித்த பிறகு நீங்கள் மாறிவிடுகிறீர்கள்.

மகனுக்கு எட்டு வயது. ஓட்டக் கற்றுக்கொண்டான், ஆனால் நிறுத்தத் தெரியவில்லை, காலைத் தேய்க்கிறான். பிரேக் சரியில்லையா, பையன் சரியில்லையா?
– செங்காங் வாசகர்

பெரும்பாலும் பிரேக்தான். லீவர் பெரியவர் கைக்கு ஏற்றபடி வெகுதூரத்தில் இருக்கும். பிள்ளையின் விரல் நுனிதான் எட்டும், அதில் பலம் இராது. லீவர் பிடியில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதை உள்ளே திருகினால் லீவர் கைப்பிடிக்கு நெருங்கி வரும். விரலின் முதல் மூட்டு லீவரில் படும்வரை கொண்டுவாருங்கள். பிறகு இருக்கை: உட்கார்ந்தபடி இரு காலின் முன்பாதமும் தரையில் படவேண்டும்.

லீவரை முழுக்க அழுத்துங்கள். லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே இரண்டு விரல் இடமாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லையென்றால் கேபிள் தளர்ந்திருக்கிறது. லீவரிலிருந்து கேபிள் வெளிவரும் இடத்தில் உள்ள உருளைத் திருகை அரைச் சுற்று அரைச் சுற்றாக வெளியே எடுங்கள். அழுத்தி விட்ட லீவர் சோம்பலாகத் திரும்புகிறதா? உள்கேபிள் துருப்பிடித்துவிட்டது, எண்ணெய் விடாமல் மாற்றுங்கள். கடற்காற்று படும் ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் ஓடும் சைக்கிள்களில் இது சீக்கிரமே வரும். ரப்பர் கட்டையின் பள்ளக்கோடு தேய்ந்து மறைந்திருந்தால் கட்டையை மாற்ற வேண்டும். கட்டை உலோக விளிம்பில் படாமல் டயரில் உரசினால் டயரையே அறுத்துவிடும். டிஸ்க் பிரேக்காக இருந்தால் செயினுக்கு அடிக்கும் ஸ்பிரே தட்டில் படவே கூடாது. பட்டால் கிரீச்சென்று கத்தும், பிடிக்காது. தட்டைக் கவ்வும் பட்டைக்குள் ஊறிவிட்டால் பட்டையையே மாற்ற வேண்டியதுதான்.

காலால் பின்னோக்கி மிதித்து நிறுத்தும் பிரேக் மட்டும் இருந்தால் போதாது. பொதுப் பாதையில் ஓடும் சைக்கிளில் குறைந்தது ஒரு கைப்பிரேக்காவது வேலை செய்ய வேண்டும் என்பது விதி.

பழக்குவதற்கு ஆளில்லாத இடத்தில் ஒரு கோடு போடுங்கள். கோட்டில் முன் சக்கரம் நிற்கும்படி இரு பிரேக்கையும் சேர்த்து மெல்ல அழுத்தச் சொல்லுங்கள். முன் பிரேக்கை மட்டும் சட்டென்று பிடித்தால் பின் சக்கரம் தூக்கும், பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் வழுக்கும், தூரமும் கூடும். உங்களுக்கும் ஒரு கணக்கு: காய்ந்த தரையில், ஒரு நொடி சுதாரிப்பையும் சேர்த்து, 25-இல் வருபவர் நிற்கச் சுமார் 13 மீட்டர் வேண்டும். 10-இல் வருபவருக்கு 4 மீட்டர்கூட வேண்டாம். மழையில் ரப்பர் கட்டைப் பிரேக் முதல் சில சுற்றுகளில் தண்ணீரைத்தான் துடைக்கும். ஈரமென்றால் முன்கூட்டியே லேசாக அழுத்தித் துடைத்துக்கொண்டே வரவேண்டும்.

நாயுடன் நடக்கிறேன். இழுத்தால் நீளும் வார் வைத்திருக்கிறேன். சைக்கிளோட்டிகள் கோபப்படுகிறார்கள்.
– தோ பாயோ வாசகி

கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஐந்து மீட்டர் நீண்ட அந்த மெல்லிய வார் மாலை வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது, பாதையின் குறுக்கே கட்டிய கம்பி அது. பாதையில் இருக்கும்வரை ஒரு மீட்டருக்குப் பூட்டிவிடுங்கள். நீங்கள் பாதையின் இடப்பக்கம் நடந்தால் நாயும் உங்கள் இடப்பக்கம், புல் ஓரமாக வரட்டும். முகர்ந்து பார்க்க நிற்க வேண்டுமென்றால் இருவருமே புல்லில் இறங்கிவிடுங்கள்.

எதிரே வரும் சைக்கிள் விளக்கு கண்ணைக் கூசுகிறது. விளக்கு கட்டாயமா?
– கிளமெண்டி வாசகர்

ஆமாம், இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கு வேண்டும், பின்னால் சிவப்பு விளக்கோ சிவப்புப் பிரதிபலிப்பானோ இருக்க வேண்டும். கூசுவதற்குக் காரணம் வெளிச்சத்தைவிடக் கோணம். ஒளிவட்டத்தின் நடு, சக்கரத்துக்கு முன்னால் 8 முதல் 10 மீட்டரில் தரையில் விழவேண்டும். சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்திப் பார்த்தால், வட்டத்தின் நடு விளக்கு இருக்கும் உயரத்தில் ஏறக்குறைய பாதியில் இருக்கும். விளக்குள்ள பாதையில் குறைந்த ஒளியே போதும், ரயில் காரிடார் போன்ற இருட்டுப் பாதைக்குத்தான் அதிகம் வேண்டும். வேகமாகச் சிமிட்டும் முன்விளக்கு எதிரே வருபவருக்குத் தூரத்தையே மதிப்பிட விடாது, அணைக்காமல் எரியவிடுவது நல்லது.

லேசான இடி. விழுந்த தாத்தா "ஒன்றுமில்லை, போப்பா" என்கிறார். போய்விடலாமா?
– பிடோக் வாசகர்

போகக்கூடாது. காயமென்றால் நிற்பதும், உதவுவதும், பெயர், அடையாள அட்டை எண், முகவரி கொடுப்பதும் ஓட்டியவரின் கடமை. சட்டத்தை விடுங்கள், உடம்பைப் பாருங்கள். வயதானவர்கள் பலர் இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து சாப்பிடுகிறார்கள். தலை இடித்திருந்தால் உள்ளே கசிவது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். "தலை பட்டதா? ரத்தத்துக்கு மருந்து சாப்பிடுறீங்களா, தாத்தா?" என்று இரண்டையும் கேளுங்கள். இரண்டுக்கும் ஆமென்றால், அவர் வேண்டாமென்றாலும் 995-இல் ஆம்புலன்ஸை அழையுங்கள். இடுப்பில் வலி, ஒரு கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ தெரிகிறது என்றால் எழுப்பி உட்காரவைக்காதீர்கள், எலும்பு முறிவாக இருக்கலாம். நிழலுக்குக் குடை பிடியுங்கள், வீட்டாரை அழைத்துச் சொல்லுங்கள்.

உணவு கொண்டுவரும் மின்சைக்கிள்கள் நடைபாதையில் வரலாமா?
– ஈசூன் வாசகர்

கூடாது. மின்சைக்கிளுக்குச் சாலையும் சைக்கிள் பாதையும்தான், மின்ஸ்கூட்டருக்குச் சைக்கிள் பாதை மட்டும்தான். இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தால் தவறில்லை. மின்சைக்கிள் மிதிக்காமலே ஓடுகிறதென்றால் வண்டியையே மாற்றியமைத்திருக்கிறார்கள். துரத்திப் போய்ச் சண்டை போடாமல் இடம், நேரம், பின்னால் உள்ள பதிவு எண் மூன்றையும் குறித்து புகார்களுக்கான ஒன்சர்வீஸ் செயலியில் அனுப்புங்கள். ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப நடக்கிறதென்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள், அதிகாரிகள் எப்போது அங்கே வந்து நிற்பதென்று முடிவுசெய்ய உதவும்.