யாருக்கு அலை, யாருக்கு அலையாத்தி? பயணிகளின் குணமும் விருப்பமும்: கேள்வி பதில்

அக்கா, ராமநாதபுரம் மாவட்டக் காரங்காட்டுக்கு அலையாத்திக் காடு பார்க்க வரும் ஒரே கல்லூரிக் கூட்டத்தில் சிலர் துடுப்புப் படகுக்கு ஓடுகிறார்கள், சிலர் மோட்டார் படகை விட்டு அசைவதில்லை. பயமா? (படகு வழிகாட்டி)

பயம் ஒன்றே காரணமில்லை தம்பி. புதுமை நாட்டம், ஒழுங்குணர்வு, புறமுகம் (பிறரோடு கலகலப்பாகப் பழகுவது), இணக்கம், மனப்பதற்றம் என்று உளவியல் ஐந்து பண்புகளைச் சொல்கிறது. புதுமை நாட்டம் கூடியவர் அலையாத்தி ஓடைக்குள் நுழையப் பார்ப்பார். பதற்றம் கூடியவருக்கு ஆழம் எவ்வளவு, எத்தனை நிமிடம், எங்கே திரும்புவோம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டி, கொக்கியை இறுக்குங்கள்.

கூச்ச சுபாவக்காரரைப் பயந்தாங்கொள்ளி என்று முடிவுகட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அவருக்கு ஆகாதது கூச்சல். இருவர் படகில் முன்னால் அனுப்பிப் பாருங்கள், நிம்மதியாகப் போவார்.

பிறப்பன்வலசைக் கடற்கரையில் பயணிகளின் குணத்தை அளக்கப் பத்து வரிப் படிவம் கொடுத்தேன் மேடம், பதில்கள் முன்னுக்குப் பின் முரணாக வருகின்றன. (ஆய்வு மாணவி)

2003இல் உளவியலாளர் கோஸ்லிங் குழுவினர் வெளியிட்ட படிவம்தானே? அதில் பண்புக்கு 2 வரி, 1 முதல் 7 வரை மதிப்பெண். ஒரு வரி அந்தப் பண்பையே கேட்கும் (நேர்), மற்றது அதற்கு எதிரானதைக் கேட்கும் (தலைகீழ்). தலைகீழ் மதிப்பெண்ணை 8இலிருந்து கழித்த பிறகே சராசரி எடுக்க வேண்டும். நேர் 6, தலைகீழ் 3 என்றால், 8−3=5; சராசரி 5.5. கழிக்க மறந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும்.

அடுத்து, படிவத்தைப் படகேறும் முன் கொடுங்கள். இறங்கியபின் கொடுத்தால் அந்த நேரத்துச் சந்தோஷமும் பதிலில் கலந்துவிடும். குடும்பத்தாரைத் தள்ளித் தள்ளி உட்கார வையுங்கள். இல்லையென்றால் அப்பாவின் பதிலே எல்லாத் தாளிலும் வரும். டிக்கெட்டைத் தேர்ந்தெடுத்ததும் பெரும்பாலும் அவர்தான். ஆகவே, "தனியாக வந்திருந்தால் எதில் ஏறியிருப்பீர்கள்?" என்றும் கேளுங்கள். இரண்டே வரியில் ஒருவரின் குணத்தை அளந்துவிட முடியாது. கூட்டத்தின் போக்கைப் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

ஜூலையில் குந்துகால் வந்தவர்கள் மிரண்டார்கள். எல்லாரும் பதற்றக்காரர்களா? (பாம்பன் வேன் ஓட்டுநர்)

இல்லை அண்ணே, அது காற்றின் வேலை. தென்மேற்குப் பருவக்காற்றில் குந்துகால் இருக்கும் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் விரிகுடா) அடங்கியிருக்கும். வடகிழக்கு வாடை வீசும் மாதங்களில் நிலைமை நேர்மாறு. எந்தக் கடல், எந்த மாதம், காற்று எப்படி என்பதைப் படிவத்தின் தலையிலேயே குறிக்காவிட்டால், காற்றைக் குணம் என்று எண்ணிவிடுவோம்.

தனுஷ்கோடியில் பூநாரைக் கூட்டத்தின் அருகே ஓடுகிறவர்களை எப்படி நிறுத்துவது?

ஒழுங்குணர்வு கூடியவருக்குப் பலகை போதும். சிலிர்ப்புத் தேடுபவருக்குக் காரணமும் வேலையும் வேண்டும். கலைந்து பறந்தால் இரை தேடும் நேரமும் உடல் சக்தியும் வீணாகும் என்று சொல்லி, கையில் தொலைநோக்கியைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள்.