தட்கல் முதல் பாம்பன் வரை: ரயில் கேள்வி–பதில்

2025-ல் ரயில்வேயில் வந்த மாற்றங்களைப் பற்றி வாசகர்கள் நிறையக் கேட்டிருந்தார்கள். பாதிக்கு மேல் தட்கல் பற்றியவை என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை இணைத்துவிட்டேன். ஆனாலும் தட்கல் கிடைப்பதில்லை. எங்கே தவறு? (விருதுநகர்)

முதலில், உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கணக்கில் ஆதார் எண்ணை அடித்து வைத்தால் மட்டும் போதாது. 'மை அக்கவுன்ட்' பகுதியில் பயனரைச் சரிபார்க்கும் இடத்துக்குப் போய், ஆதார் எண்ணைக் கொடுத்து, வரும் ஓடிபியைப் போட்டு முடிக்க வேண்டும். இங்கே சிக்குபவர்கள்தான் அதிகம். ஆதாரில் 'எஸ். முருகன்', ஐஆர்சிடிசியில் 'முருகன் சுப்பையா' என்றிருந்தால் பொருந்தாது. பிறந்த தேதியும் பாலினமும்கூட ஒத்துப்போக வேண்டும். ஓடிபி, ஆதாரில் பதிவான கைபேசி எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம்மைத் தொலைத்தவர்கள் ஆதார் மையத்துக்குப் போய் எண்ணை மாற்றிய பிறகே இதைச் செய்ய முடியும்.

2025 ஜூலை 1 முதல் இப்படிச் சரிபார்த்த கணக்குகளில் மட்டுமே ஆன்லைன் தட்கல் எடுக்கலாம். ஜூலை 15 முதல் ஆதார் வழியான ஓடிபியும் சேர்ந்துகொண்டது. ஏஜென்டுகளுக்கு முதல் அரை மணி நேரம் தடை: ஏசி வகுப்புக்கு 10 முதல் 10.30 வரை, ஏசி அல்லாத வகுப்புக்கு 11 முதல் 11.30 வரை. ஆகவே ஆதாரில் பதிவான எண் உள்ள போன் அந்த நேரத்தில் உங்கள் கையில் இருக்க வேண்டும். வெளியூரில் இருக்கும் மகனைக் கூப்பிட்டு ஓடிபி கேட்பதற்குள் சிலீப்பர் காலியாகிவிடும். பயணிகளின் பெயர்களை மாஸ்டர் லிஸ்டில் முந்தைய நாளே ஏற்றிவையுங்கள். ஒரு டிக்கெட்டில் 4 பேர்தான்.

இன்னொன்று நாள் கணக்கு. தட்கல் திறப்பது, வண்டி தன் முதல் நிலையத்திலிருந்து கிளம்பும் நாளுக்கு முந்தைய நாள். நீங்கள் ஏறும் நாளை வைத்து எண்ணக்கூடாது. ஹவுராவில் திங்கள்கிழமை புறப்படும் வண்டியில் செவ்வாய்க்கிழமை சென்னையில் ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தட்கல் ஞாயிற்றுக்கிழமையே திறந்துவிடும். திங்கள் காலை தயாராக உட்காருபவர் ஒரு நாள் பிந்திவிட்டார்.

இத்தனையும் சரியாக இருந்தும் கிடைக்கவில்லையா? ஆதார் விதி போலிக் கணக்குகளையும் மென்பொருள் வைத்து அள்ளுபவர்களையும் மட்டுப்படுத்தும், படுக்கைகளின் எண்ணிக்கையைக் கூட்டாது. தீபாவளிக்கு முந்தைய வாரம் தெற்கே போகும் வண்டிகளில் நெரிசலே உண்மையான பயணிகளால்தான். அங்கே எந்த ஓடிபியும் உதவாது.

கேள்வி: சென்னை கடற்கரை–செங்கல்பட்டு ஏசி மின்சார ரயிலில் என் பழைய சீசன் டிக்கெட் செல்லுமா? (குரோம்பேட்டை)

செல்லாது. சென்னை ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் தயாரான 12 பெட்டி ஏசி ரயில் 2025 ஏப்ரல் 19 முதல் ஓடுகிறது. அதற்குக் கட்டணம் தனி, குறைந்தபட்சம் 35 ரூபாய். சீசனும் தனி. கதவு தானாக மூடிக்கொள்ளும் என்பதால் கடைசி நொடியில் தொற்றிக்கொள்ளும் பழக்கத்தை இதில் விட்டுவிட வேண்டும்.

கேள்வி: கடலூர் விபத்துக்குப் பிறகு எல்லா ரயில்வே கேட்டுக்கும் இன்டர்லாக்கிங் என்கிறார்கள். கேட்டை மூடுவது ஆள்தானே, அதில் என்ன வித்தியாசம்? (சீர்காழி)

2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது பயணிகள் ரயில் மோதியதில் மாணவர்கள் மூவர் உயிரிழந்தார்கள். அந்த கேட் இன்டர்லாக்கிங், அதாவது கேட் பூட்டையும் ரயில் சிக்னலையும் பிணைக்கும் ஏற்பாடு, இல்லாதது.

இன்டர்லாக்கிங் இல்லாத கேட்டில் நடப்பது இதுதான்: ஸ்டேஷன் மாஸ்டர் கேட் கீப்பரைத் தொலைபேசியில் கூப்பிட்டு வண்டி எண்ணைச் சொல்வார். கீப்பர் கேட்டை மூடிப் பூட்டிவிட்டு அதற்கு அடையாளமாக 'பிரைவேட் நம்பர்' என்ற ரகசிய எண்ணைச் சொல்வார். மாஸ்டர் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு வண்டியை விடுவார். எண் சொல்லப்பட்டது என்பதற்குத்தான் சான்று இருக்கிறது, கேட் மூடியது என்பதற்கு இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மனிதரின் வார்த்தை மட்டும். தூக்கக் கலக்கம், இன்னொரு வண்டியோடு குழப்பிக்கொள்வது, 'இந்த ஒரு வண்டி மட்டும் போகட்டும்' என்று சாலையில் நிற்பவர்கள் கொடுக்கும் நெருக்கடி, எல்லாம் அந்த இடைவெளியில்தான் நுழைகின்றன.

இன்டர்லாக்கிங் உள்ள கேட்டில் பூட்டும் சிக்னலும் கட்டுண்டவை. கேட் விழுந்து பூட்டினால்தான் ரயிலுக்கான சிக்னல் பச்சைக்குப் போகும். சிக்னல் கொடுத்த பிறகு, வண்டி கடந்து போகும்வரை கேட்டைத் திறக்கவும் முடியாது. கீப்பர் மறந்தால் வண்டி வெளியே நிற்கும், அவ்வளவுதான். தாமதம் வரும், உயிர் போகாது.

இதிலும் ஓட்டை உண்டு. 'ஜி' என்ற பலகை உள்ள கேட் சிக்னல் சிவப்பிலேயே இருந்தால், லோகோ பைலட் (ரயில் ஓட்டுநர்) விசில் அடித்து, பகலில் 1 நிமிடமும் இரவில் 2 நிமிடமும் காத்திருந்துவிட்டு, கேட்வரை மிக மெதுவாகப் போகலாம். கேட் மூடியிருப்பதைப் பார்த்து, கீப்பரின் கைச் சைகை கிடைத்த பிறகே கடக்க வேண்டும். அங்கே மறுபடியும் மனிதக் கண்தான்.

எந்தக் கேட்டுக்கு இந்த வசதி என்பதை 'டிவியூ' என்ற கணக்கு முடிவு செய்கிறது. 24 மணி நேரத்தில் போகும் ரயில்களையும் சாலை வாகன அலகுகளையும் பெருக்கினால் வருவது அது. காரும் லாரியும் மாட்டு வண்டியும் ஒரு அலகு, ஆட்டோவும் சைக்கிள் ரிக்‌ஷாவும் அரை அலகு. விபத்துக்குப் பிறகு ரயில்வே அமைச்சகம் இந்த வரம்பை 20,000-லிருந்து 10,000-ஆகக் குறைத்தது. உங்கள் ஊர் கேட்டில் நாளொன்றுக்கு 25 ரயில், 500 வாகன அலகு என்றால் 12,500 வரும். பழைய வரம்பில் அந்தக் கேட்டுக்கு வசதி கிடையாது, இப்போது உண்டு. கேட்டுகளில் சிசிடிவி வைக்கவும் உத்தரவு வந்தது. எங்கள் பார்வையில் கேமரா இரண்டாம்பட்சம். அது நடந்ததைக் காட்டும். பூட்டுதான் நடக்கவிடாமல் தடுக்கும்.

கேள்வி: ஒரே ஆண்டில் இரண்டு முறை கட்டணம் ஏறியது. மொத்தத்தில் எவ்வளவு? (திண்டுக்கல்)

சுமார் 500 கி.மீ. தூரம், அதாவது ஏறத்தாழ சென்னை–மதுரை என்று வையுங்கள். மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளில் சிலீப்பருக்கு ஜூலை 1-ல் கிலோமீட்டருக்கு 1 பைசா, டிசம்பர் 26-ல் 2 பைசா. ஆக சுமார் 15 ரூபாய். ஏசி வகுப்புக்கு இரண்டு முறையும் 2 பைசா, ஆக சுமார் 20 ரூபாய். சாதாரணப் பயணிகள் வண்டியில் இரண்டாம் வகுப்புக்கு ஜூலையில் 500 கி.மீ. வரை உயர்வே இல்லை. டிசம்பரில் அந்த விலக்கு 215 கி.மீ.க்குச் சுருங்கியது. புறநகர் ரயிலும் சீசனும் இரண்டு முறையும் தப்பின. உயர்வு நாளுக்கு முன்பே எடுத்த டிக்கெட்டுக்கு மேற்கொண்டு வசூல் கிடையாது.

கேள்வி: காலை 6 மணி வண்டியில் வெயிட்டிங் லிஸ்ட். விடியற்காலை 2 மணிக்கு விழித்திருந்து பார்க்க வேண்டுமா? (கும்பகோணம்)

இனி வேண்டாம். முன்பு சார்ட், அதாவது யாருக்கு எந்த இடம் என்ற பட்டியல், வண்டி கிளம்ப 4 மணி நேரத்துக்கு முன்னால்தான் வரும். ஜூலையில் அதை 8 மணி நேரமாக்கினார்கள், டிசம்பரில் இன்னும் முன்னே நகர்த்தினார்கள். காலை 5.01 முதல் பிற்பகல் 2 வரை கிளம்பும் வண்டிகளுக்கு முந்தைய இரவு 8 மணிக்குள் முதல் சார்ட் வர வேண்டும். மற்ற வண்டிகளுக்கு 10 மணி நேரம் முன்னால். உறுதியாகவில்லை என்றால் இரவு பஸ்ஸுக்கு மாற நேரம் இருக்கிறது.

ஆன்லைன் டிக்கெட் முழுக்க வெயிட்டிங்கிலேயே நின்றுவிட்டால் தானாக ரத்தாகிப் பணம் திரும்பும். கவுன்டர் டிக்கெட் அப்படியல்ல. வண்டி கிளம்ப அரை மணி முன்புவரை நீங்கள்தான் ரத்து செய்ய வேண்டும். அதை வைத்துக்கொண்டு சிலீப்பரில் ஏறினால் அபராதம், அல்லது பொதுப் பெட்டிக்கு அனுப்பிவிடுவார்கள்.

கேள்வி: புதிய பாம்பன் பாலம் காற்றடித்தால் திறக்காதாமே? பழையதைவிட அது எப்படி உயர்வு? (ராமநாதபுரம்)

1914-ல் திறந்த பழைய பாலத்தின் நடுப்பகுதி, கப்பல்களுக்கு வழிவிட, இரண்டு இறக்கைகளாக மேல்நோக்கி விரியும். ஆட்கள் கையால் சுற்றித் திறக்க வேண்டும். 2022 டிசம்பரில் அதன் மீது ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு முழுதாக, கிடைமட்டமாகவே 17 மீட்டர் மேலே போகிறது. அடுக்குமாடி லிஃப்ட் போலத்தான்: இருபுறக் கோபுரங்களின் உச்சியில் உள்ள பெரிய சக்கரங்கள் வழியாக இரும்புக் கயிறுகள் ஓட, மறுமுனையில் எதிர் எடைகள் தொங்குகின்றன. பாரம் சமமாகிவிடுவதால் மோட்டார் உராய்வையும் காற்றையும் வென்றால் போதும். சில நிமிடங்களில் ஏறிவிடும்.

காற்று மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் போனால் தூக்குவதில்லை. அந்தரத்தில் நிற்கும் அவ்வளவு பெரிய இரும்புக்கூடு காற்றை நேராக வாங்கும், கோபுரத்தின் தடங்களில் அழுத்தும். இரண்டு முனைகளும் ஒரே மட்டத்தில் ஏற வேண்டும் என்பதும் கட்டாயம். ஒன்று முந்தினால் நிறுத்திச் சரிசெய்யத்தான் வேண்டும். இறங்கிய பிறகும் தண்டவாளங்கள் நேராகப் பொருந்திப் பூட்டினால்தான் ரயிலுக்குச் சிக்னல்.

பாலத்தில் 75 கி.மீ. வேகம் வரை அனுமதி, தூக்குப் பகுதியில் 50. பழைய பாலத்தில் ஊர்ந்து போனதை நினைத்தால் பெரிய மாற்றம்தான். ஆனால் அங்கே எதிரி உப்புக்காற்று. துருப்பிடிக்காத கம்பி, பாலிசிலோக்சேன் பூச்சு என்று கவனமாகத்தான் கட்டியிருக்கிறார்கள். பூச்சு எங்கே உரிந்தாலும் உடனே பார்த்து அடைக்கும் பராமரிப்பைப் பொறுத்தே பாலத்தின் ஆயுள்.

கேள்வி: கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகருக்கு நேரடி ரயில் வந்துவிட்டதா? (நாகர்கோவில்)

பாதை வந்துவிட்டது, நேரடி வண்டி இல்லை. ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் கட்ரா வரை போய், அங்கே இறங்கி வந்தே பாரத்தில் ஏற வேண்டும். அங்கிருந்து ஸ்ரீநகர் சுமார் 3 மணி நேரம். 2025 ஜூன் 6-ல் திறந்த, ஆற்றுக்கு 359 மீட்டர் மேலே நிற்கும் செனாப் பாலம் இந்தப் பாதையில்தான் வருகிறது. தண்ணீர்த் தொட்டி உறையாமல் இருக்கவும், ஓட்டுநர் முன்கண்ணாடியில் பனி படியாமல் இருக்கவும் அந்த வந்தே பாரத்தில் சூடேற்றிகள் உண்டு. ஹிம்சாகர் வாரம் ஒரு முறைதான், அதுவும் நெடுந்தூரம் வருவது. ஆகவே கட்ராவில் அன்றே அடுத்த வண்டிக்கு டிக்கெட் போடாமல், ஓர் இரவு தங்குவதாகத் திட்டமிடுங்கள்.