காய்ச்சல் விட்டுப்போன பிறகு நெஞ்சில் என்ன? டாக்டரிடம் சில கேள்விகள்

என் மகனுக்கு 24 வயது. வைரல் காய்ச்சல் விட்டு பத்து நாளாகிறது. இப்போது மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. கேஸாக இருக்கும் என்று இஞ்சிச் சாறு கொடுத்து வருகிறேன். சரிதானே டாக்டர்?

இஞ்சிச் சாறு கெடுதல் இல்லை அம்மா. ஆனால் இன்றைக்கே கூட்டிப்போய் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். காய்ச்சல் விட்ட ஒன்றிரண்டு வாரத்தில் இப்படி வந்தால் இதயத் தசை அழற்சியா என்று பார்த்தே ஆகவேண்டும். மயோகார்டைட்டிஸ் என்போம். வைரஸ் தசையைக் கொஞ்சம் கெடுக்கும். அதை விரட்ட வந்த நம் எதிர்ப்பு சக்தி மீதியைக் கெடுக்கும். மயக்கம் போட்டாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ காத்திருக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். டாக்டரிடம் மறக்காமல் அந்தப் பழைய காய்ச்சலைச் சொல்லுங்கள். பலர் 'அது சரியாகிவிட்டதே' என்று விட்டுவிடுகிறார்கள்.

வைரஸ் மட்டும்தான் காரணமா சார்?

பெரும்பாலும் வைரஸ்தான். காக்ஸாக்கி, ஃப்ளூ, கொரோனா, நம் ஊர் டெங்கு எல்லாம் செய்யும். உண்ணிக் காய்ச்சலும் உண்டு, அது பாக்டீரியா வகை. அக்குள், தொடையிடுக்கு போன்ற மறைவான இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது, தேடிப் பார்க்கவேண்டும். கண்டுபிடித்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் நன்றாகக் கேட்கும். இவை தவிர லூபஸ் (நம் எதிர்ப்பு சக்தியே நம் உடலைத் தாக்கும் நோய்), மனநோய்க்குத் தரும் குளோசபின், புற்றுநோயை எதிர்க்க நம் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் சில இம்யூனோதெரபி மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம்.

அண்ணனுக்கு நெஞ்சுவலி. ட்ரோபோனின் கூடியிருந்தது, ஈசிஜியிலும் மாற்றம். ஆஞ்சியோ செய்தால் அடைப்பே இல்லை என்கிறார்கள். ரிப்போர்ட் தப்பா?

தப்பில்லை. ட்ரோபோனின் இதயத் தசைக்குள் இருக்கும் புரதம். தசை எதனால் அடிபட்டாலும் ரத்தத்தில் கசியும். அடைப்புதான் என்று அது சொல்லாது. அடுத்தது எக்கோ, அப்புறம் இதய எம்ஆர்ஐ. மாரடைப்பில் சேதம் தசையின் உள்சுவரிலிருந்து தொடங்கும். அழற்சியில் பெரும்பாலும் உள்சுவரை விட்டுவிட்டு நடுவிலோ வெளிப்புறத்திலோ திட்டுத் திட்டாகத் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீரும். தசையில் துளி எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி எல்லோருக்கும் தேவையில்லை. இதயம் வேகமாகத் தளர்ந்தாலோ, மருந்துக்கு அடங்காமல் துடிப்பு தாறுமாறானாலோதான்.

கொரோனா தடுப்பூசியாலும் வருமாமே?

ஃபைசர், மாடர்னா போன்ற எம்ஆர்என்ஏ ஊசிகளில் அரிதாக வந்தது உண்மை. அதிகமும் இளம் ஆண்களுக்கு, இரண்டாம் டோஸ் போட்ட சில நாட்களில், பெரும்பாலோர் தேறிவிட்டார்கள். இங்கே பலரும் போட்ட கோவிஷீல்டு, கோவாக்சின் அந்த வகை அல்ல.

எனக்கு மயோகார்டைட்டிஸ் வந்து ஆறு வாரமாகிறது. வலி துளியும் இல்லை. ஃபுட்பால் ஆடப் போகலாமா?

வேண்டாம் தம்பி. வலி போனாலும் உள்ளே புண் ஆறியிருக்காது. அந்த நேரத்தில் ஓடினால் துடிப்பு தடம் புரளலாம். பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் ஓய்வு. பிறகு எக்கோ, ஹோல்டர் (ஒரு நாளாவது உடம்பில் மாட்டி இதயத் துடிப்பைப் பதியும் கருவி), டிரெட்மில் பார்த்துத்தான் அனுமதிப்போம். ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் ஃபுட்பால் அணி வீரர் அல்ஃபோன்சோ டேவிஸ் 2022 ஜனவரியில் கொரோனாவுக்குப் பிறகு இதே நோயால் உட்கார்ந்தார், ஏப்ரலில்தான் களமிறங்கினார். அவருக்கே அவ்வளவு நாள். அதுவரை நீங்கள் கோட்டுக்கு வெளியே நின்று விசில் ஊதுங்கள்.